கரவனுக்குப் பின்னால் நிற்பவர்

1. எந்தக் கரவன்?

மொன்றியல் தமிழர்களிடம் 'கரவன்' என்று சொன்னால் அது ஏழு பேர் ஏறும் மினிவான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதற்கும், கோயிலுக்குப் போவதற்கும், ரொறன்ரோவில் கலியாண வீடென்றால் குடும்பத்தோடு ஓடுவதற்கும் அந்த ஒரு வாகனம்தான். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் எங்கள் சனத்தில் யார் வீட்டு வாசலைப் பார்த்தாலும் அது நிற்கும். ஆகவே ஒரு வியாழக்கிழமை ஒருவர் தொலைபேசியில், "தம்பி, என்ரை கரவனுக்கு ஒரு பின் கமரா போடோணும், செய்வியளோ?" என்று கேட்டபோது நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

"ஓம் அண்ணை. சனிக்கிழமை பத்தரைக்குக் கொண்டு வாங்கோ. ரெண்டு மணித்தியால வேலை," என்றேன்.

அப்போது நான் மொன்றியலின் லாசால் பகுதியில், வாகனங்களுக்கு ரேடியோ, அலாரம், ரிமோட் ஸ்டார்ட்டர் பூட்டும் கடை ஒன்றில் வேலை செய்தேன். பின் கமரா அப்போதுதான் எங்கள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. இன்று வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கமரா என்பது வாகனத்தோடு பிறந்த சாமான். அன்று அப்படி இல்லை. எந்தக் கமரா, எந்த உயரம், எந்தக் கோணம், எந்த வயர் என்று ஒவ்வொன்றையும் நாங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும். பிழைத்தால் அந்தப் பிழை எங்கள் தலையில்தான் விழும்.

சனிக்கிழமை பத்தரைக்குக் கடைக்கு முன்னால் ஒரு நீண்ட ஹோர்ன் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு ஒரே சத்தம். வெளியே வந்து பார்த்தேன். பெரிய பிக்கப் ஒன்று எங்கள் கடை வாசலுக்குள் மூக்கை நுழைத்திருந்தது. அதன் பின்னால் இருபத்துநான்கு அடி நீளத்தில், யன்னலும் திரைச்சீலையும் போட்ட, சக்கரம் வைத்த ஒரு வெள்ளை வீடு தெருவைக் குறுக்கே மறித்துக்கொண்டு நின்றது. கியூபெக்கில் அதை ருலோட் என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் கரவன் என்று ஒரு பெயர் இருப்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

பிக்கப்பிலிருந்து ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இறங்கி வந்தார். ஸ்திரி போட்ட சேட், நன்றாக வாரிய தலை.

"தம்பிதானே ஃபோனிலை கதைச்சது? நான் பரராஜசிங்கம். பரம் எண்டு கூப்பிடுவினம். கரவன் கொண்டு வந்திட்டன்."

"அண்ணை, நான் மினிவான் எண்டெல்லோ நினைச்சன்."

"மினிவானுக்கு என்னத்துக்குக் கமரா? திரும்பிப் பாத்தால் தெரியுந்தானே," என்றார்.

அதற்குள் மறிபட்டு நின்ற பஸ்ஸின் சாரதி கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தத் தொடங்கியிருந்தார். எங்கள் முதலாளி ரெஜான் உள்ளேயிருந்து ஓடி வந்தார். கியூபெக்காரர் கோபம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். ரெஜான் அன்று பீடம், பேழை, கிண்ணம் எல்லாவற்றையும் நடுத்தெருவில் இறக்கி வைத்தார்.

"அண்ணை, கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ. பஸ் போகட்டும்," என்றேன்.

"பின்னுக்கு எடுக்கமாட்டன்."

"என்ன அண்ணை?"

"முன்னுக்கு எவ்வளவு தூரமெண்டாலும் ஓடுவன். பின்னுக்கு எடுக்கமாட்டன்."

பிக்கப்பின் முன் சீட்டில் ஒரு அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பரம் அண்ணையின் மனைவி யோகம் அக்கா. நான் அவருடைய பக்கம் போய், "அக்கா, ஒருக்கா இறங்கிப் பின்னாலை நிண்டு இடம் கிடக்கோ எண்டு பாருங்கோவன்," என்றேன்.

"நான் இறங்கமாட்டன் தம்பி," என்றார். முகத்தைத் திருப்பவும் இல்லை.

ஒருவர் பின்னுக்கு எடுக்கமாட்டார், மற்றவர் இறங்கமாட்டார். நல்ல பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டினேன். கடைசியில், கோடையில் படகு இழுத்துப் பழகிய ரெஜான்தான் திறப்பை வாங்கி அதைப் பின்னுக்கு எடுத்தார். பஸ் போனது. எனக்குச் சேட் முழுக்க வேர்வை.

2. மச்சான் சொன்ன கமரா

கரவனை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு மூன்று பேரும் கடைக்குள் வந்தோம். யோகம் அக்கா யன்னலோரக் கதிரையில் இருந்தார். பரம் அண்ணை கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வரலாறு சொன்னார்.

அவர் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் வீடு வாங்கி, ஒரு கதவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கூட வேலை செய்த ஒரு கியூபெக்காரர் ஓய்வு பெற்றபோது அவரிடமிருந்து இந்தக் கரவனை வாங்கியிருக்கிறார். யூலைக் கடைசியில் கட்டட வேலைகளுக்கு இரண்டு கிழமை விடுமுறை விடுவார்கள். கியூபெக்கில் பாதிச் சனம் அப்போதுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும். கதவுத் தொழிற்சாலையும் அதோடு பூட்டு. அந்த விடுமுறைக்குக் கஸ்பே கடற்கரையில் இடம் பதிவுசெய்து வைத்திருந்தார்.

"ஊர்ச்சனம் பகிடி பண்ணுது தம்பி. வீடு கிடக்க வீட்டை இழுத்துக்கொண்டு திரியிறான் எண்டு."

"நாங்கள் காசு குடுக்காமலே எத்தினை தரம் இடம்பெயர்ந்தனாங்கள். இவர் காசு குடுத்து இடம்பெயரப் போறார்," என்றார் யோகம் அக்கா யன்னலைப் பார்த்தபடி.

பரம் அண்ணை குரலைத் தணித்தார். "இவ இந்த முறை வரமாட்டன் எண்டு நிக்கிறா. கமரா போட்டால்தான் யோசிப்பாவாம். இவ வராட்டில் நான் ஆரோடை போறது? வித்துப்போட்டு இருக்க வேண்டியதுதான்."

இவ்வளவுக்குப் பிறகாவது நான் 'ஏன் வரமாட்டாவாம்?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கமரா விற்கிறவனுக்குக் குடும்பக் கதை என்னத்துக்கு என்று நினைத்தேன்.

"கமராவாலை என்ன பாக்கோணும் அண்ணை?"

"ஹைவேயிலை பின்னாலை வாற லொறி, ரக் தெரியோணும். லேன் மாறேக்கை ஒண்டும் தெரியிறேல்லை."

"வேறை?"

"வேறையொண்டும் இல்லை."

நான் கமராக்களின் விலைப் புத்தகத்தை விரித்து வயரோடு வருகிற கமராவைக் காட்டினேன். பெரிய ரக்குகளுக்குப் பூட்டுவது. கரவனின் முதுகிலிருந்து பிக்கப் வரைக்கும் கேபிள் ஓடும். நடுவில் கழற்றிப் பூட்டச் சுருள் வயரும் பிளக்கும் இருக்கும். வேலை கூட, ஆனால் படம் நம்பிக்கையானது.

"மச்சான் சொன்னவன், வயர் இல்லாததுதான் இப்ப திறமாம்," என்றார்.

"எந்த மச்சான்?"

"இவவின்ரை தம்பி. ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலை எலெக்ட்ரோனிக்ஸ் கடையிலை நிக்கிறான்."

"அண்ணை, வயர் இல்லாதது சின்னக் காருக்குச் சரி. இது நீளம். நடுவிலை தகரச் சுவரும் கிடக்கு. சிக்னல் ஒழுங்கா வராது."

அவர் அந்த இடத்திலேயே மச்சானுக்கு ஃபோன் எடுத்தார். மச்சான் அங்கிருந்து எனக்குக் கமரா படிப்பித்தார். அரை மணித்தியாலம். நடுவில் ஒரு வாடிக்கையாளர் அவரை வோஷிங் மெஷினுக்கு விலை கேட்டது என் காதில் விழுந்தது. அப்போதுதான் அவர் எதில் கெட்டிக்காரர் என்று விளங்கியது. ஆனாலும் என்ன செய்வது, கடையில் நிற்கிறவன் சொல்லைவிட ஸ்காபரோவில் இருக்கிறவன் சொல்லுக்குத்தான் எங்கள் சனத்திடம் மதிப்பு. வயர் இல்லாத கமரா என்று முடிவாயிற்று.

அந்த நேரம் யோகம் அக்கா கதிரையில் இருந்தபடியே கேட்டார்: "தம்பி, கிட்ட நிக்கிற ஆள் அதிலை தெரியுமோ?"

நான் வாயைத் திறக்க முதல் பரம் அண்ணை சொன்னார்: "அதெல்லாம் தெரியும். நீ சும்மா இரு."

நானும் வேலைத்தாளை எழுதத் தொடங்கிவிட்டேன். கமராவைக் கரவனின் உச்சியில் பூட்டி, தூரத்து ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். ஹைவே என்று சொன்னவருக்கு ஹைவே தெரிந்தது. வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன்.

3. பிள்ளை நித்திரை கொள்ளுது

திங்கட்கிழமை காலை பரம் அண்ணையிடமிருந்து ஃபோன்.

"தம்பி, உம்மடை கமராவிலை ஒரு பிள்ளை நித்திரை கொள்ளுது."

"கரவனுக்குப் பின்னாலையோ அண்ணை?"

"இல்லை, தொட்டிலுக்கை."

காலை ஒன்பது மணி. குடித்திருப்பார் என்று நினைக்கவும் மனம் வரவில்லை. "ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுப் போட்டுப் பாருங்கோ," என்றேன். பத்து நிமிடத்தில் மறுபடி ஃபோன். "இப்ப முழிச்சிட்டுது."

வேலை முடிய மெத்ரோ எடுத்து லொங்குய்யில் இறங்கி, அவர் வீட்டுக்குப் போனேன். பிக்கப்புக்குள் யோகம் அக்கா கமராத் திரைக்கு முன்னால் இருந்தார். கரவனின் பின்பக்கம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் குழந்தையைக் கவனிக்கக் கமரா வைத்திருந்தார்கள். அதுவும் எங்கள் கமராவும் ஒரே அலைவரிசை. பக்கத்து வீட்டுச் சிக்னல் பலமாக இருந்தபடியால் எங்களுடையதை விழுத்திவிட்டது.

"வடிவான பிள்ளை. காலமையிலை இருந்து பாக்கிறன். தாய் வடிவா கவனிக்கிறாள்," என்றார் யோகம் அக்கா.

"இவ சமைக்கவும் இல்லை," என்றார் பரம் அண்ணை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறேன். ரோட்டைப் பிடிக்கப் போய்ப் பிள்ளை அகப்பட்ட கதை எனக்குத்தான் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் உங்கள் தொட்டில் எங்களுக்குத் தெரிகிறது என்று சொல்ல வேண்டிய வேலையும் என் தலையில் விழுந்தது. அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த நாள் ரெஜானிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "முதல் நாளே வயர் என்று சொன்னாயா இல்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"சொன்னேன்."

"அவர் கேட்கவில்லை என்றால் விற்றிருக்கக்கூடாது. கடைக்காரன் நீயா, அவர் மச்சானா?"

அந்த வாரம் கமராவை மாற்றி வயரோடு பூட்டினேன். கரவனுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டிய உப்பின் துகள் கண்ணுக்குள் விழ விழ, முன்னிருந்து பின்வரை கேபிள் இழுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்துக் காதுக்குள் விட்டவன் நான்தான் என்று அடியில் கிடந்து நினைத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதே உச்சி, அதே தூரத்து ரோட்டு.

4. றைற்

விடுமுறைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மறுபடி ஃபோன். கமரா இடம் வலத்தை மாற்றிக் காட்டுகிறதாம். ஞாயிறு காலை, லொங்குய்யில் பூட்டிக் கிடந்த ஒரு தளபாடக் கடையின் வெறும் பார்க்கிங்குக்கு வரச் சொன்னேன். சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. பிழை என்னுடையதா இல்லையா என்று பார்த்துவிட்டு இதோடு கைகழுவ வேண்டும் என்பதுதான் எண்ணம்.

பார்த்தேன். கமரா சரி. இடம் இடமாகவும் வலம் வலமாகவும்தான் தெரிந்தது. பிழை வேறு. கரவனைப் பின்னுக்குத் தள்ளும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கரவனின் வால் வலப்பக்கம் போகும். பரம் அண்ணைக்கு அது பிடிபடவில்லை. ஆள் பின்னால் நின்று சொல்லச் சொல்லத்தான் கை பழகும்.

"அக்கா, நீங்கள் இறங்கிப் பின்னாலை நிண்டு சொல்லுங்கோ. அவர் பழகட்டும்."

"நான் இறங்கமாட்டன் தம்பி."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, மூண்டு தரம் இந்தக் கரவனுக்கு வேலை செய்திட்டன். நீங்களும் கொஞ்சம் உதவி செய்தால்தானே ஆகும்," என்று குரலை உயர்த்தினேன். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். நானே போய்ப் பின்னால் நின்றேன்.

கரவனுக்கு மிகக் கிட்ட நின்றேன், ஏனென்றால் தூர நின்றால் என் குரல் அவருக்குக் கேட்காது. அவர் மெல்ல வந்தார். நேராகத்தான் வந்தார். பிறகு வால் வலப்பக்கம் சரியத் தொடங்கியது. அங்கே ஒரு விளக்குக் கம்பம். எனக்கும் கம்பத்துக்கும் நடுவில் இரண்டு முழ இடம்கூட இல்லை.

"றைற்! றைற்!" என்று கத்தினேன். வலப்பக்கம் கம்பம், பார் என்றுதான்.

அவர் வேகமாக வந்தார்.

நான் பக்கத்தில் பாய்ந்தேன். முழங்கையில் தோல் போனது. கரவனின் மூலை கம்பத்தில் முட்டி, சத்தம் கேட்டபிறகுதான் நின்றது. எழும்பி முன்னால் ஓடினேன்.

"அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ? கத்துறன், வந்துகொண்டே இருக்கிறியள்."

பரம் அண்ணை வெளிறிப் போயிருந்தார். "நீர்தானே றைற் எண்டனீர். அதுதான் வந்தனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது யோகம் அக்கா, திரையையே பார்த்துக்கொண்டு, அடங்கிய குரலில் சொன்னார்: "போன வருசம் நானும் அதைத்தான் சொன்னனான்."

பரம் அண்ணை ஊரில் ஒன்பது வருடம் பருத்தித்துறை வழியில் மினிபஸ் ஓட்டியவர். எங்கள் பஸ்களில் கொண்டக்டர் 'றைற்' என்றால் எல்லாரும் ஏறியாயிற்று, எடு என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழாமல் அவர் பஸ்ஸை எடுத்ததில்லை. விழுந்த பிறகு நின்றதும் இல்லை.

"காதிலை றைற் எண்டு கேட்டால் கால் தானா அமத்துது தம்பி," என்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

யோகம் அக்கா அதற்குப் பிறகுதான் முழுக்கச் சொன்னார். போன கோடையில், முதல் தரம் போன இடத்தில், கரவனை மரங்களுக்கு நடுவில் விட வேண்டியிருந்தது. அக்கா பின்னால் நின்றார். வலப்பக்கம் ஒரு மேப்பிள் மரம். 'றைற், றைற்' என்று கத்தினார். கரவன் அவரை மரத்தோடு வைத்து அமத்தியது. விலா எலும்பு மூன்று முறிந்தது. மாரி முழுக்க ஒரு சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை.

"கேட்ட ஆக்களுக்கெல்லாம் படியிலை விழுந்திட்டா எண்டு சொன்னவர். நானும் ஓமெண்டு சொன்னனான். என்ன செய்யிறது?"

"நீ றைற் எண்டு சொன்னனீ. நான் உன்ரை சொல்லைக் கேட்டுத்தானே வந்தனான்," என்றார் பரம் அண்ணை. சண்டைக் குரல் இல்லை. ஒரு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த வசனம் போல இருந்தது.

நான் திரும்பிக் கரவனுக்குப் பின்னால் போனேன். எஞ்ஜின் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. முன்பு நின்ற இடத்திலேயே நின்று கத்தினேன்: "அண்ணை, திரையிலை நான் தெரியிறனோ?"

"இல்லை."

ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். "இப்ப?"

"இல்லை. ரோட்டுத்தான் தெரியுது."

ஐந்தாவது அடியில்தான் என் தலைமயிர் தெரிந்தது. கமரா காட்டும் இடத்துக்கும் கரவனின் முதுகுக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று சாகலாம், திரையில் வெறும் ரோட்டு அழகாகத் தெரியும். அதைத் தெரிவுசெய்தது நான். உச்சியில் பூட்டியது நான். கிட்ட நிற்கிற ஆள் தெரியுமா என்று அந்த மனுசி முதல் நாளே கேட்டார். அந்தக் கடைக்குள் கேட்கப்பட்டதில் புத்தியுள்ள கேள்வி அது ஒன்றுதான். அதற்கு அவருடைய கணவர் பதில் சொல்ல விட்டுவிட்டு நான் வேலைத்தாள் எழுதினேன். மச்சானைத் திட்டினேன், பரம் அண்ணையைத் திட்டினேன், சற்று முன் அக்காவைக்கூடத் திட்டினேன். திட்ட வேண்டியவனை விட்டுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, பிழை என்னிலையும்தான். நீங்கள் கேட்டனீங்கள். நான் பதில் சொல்லேல்லை," என்றேன்.

"பறவாயில்லைத் தம்பி. இவர் பதில் சொல்லிப்போட்டார்தானே," என்றார். அது பகிடியா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

5. செருப்புத் தெரியும் வரைக்கும்

மறுபடி அந்தக் கரவன் கடை முற்றத்துக்கு வந்தபோது ரெஜான் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். முழங்கையைக் காட்டினேன். அவர் தேவாலயத்துச் சாமான் எதையும் எடுக்கவில்லை. "அகலக் கோணமுள்ள ஒன்று போடு. கீழே போடு," என்றார். மேலேயுள்ள கமரா ஹைவேக்கு இருக்கட்டும். இரண்டாவது கமராவைப் பின் யன்னலுக்குச் சற்று மேலே, நிலத்தைப் பார்க்கும்படி பூட்டினேன். ரிவர்ஸ் கியர் போட்டவுடன் திரை தானாக அதற்கு மாறும்.

கோணம் சரிபார்க்க வேண்டும். வழமையாக நான் பின்னால் நிற்பேன், வாடிக்கையாளர் திரையைப் பார்ப்பார். அன்று யோகம் அக்கா சொன்னார்: "நான் இஞ்சை இருந்து பாக்கிறன். இவர் போய்ப் பின்னாலை நிக்கட்டும்."

பரம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எஞ்ஜின் திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது; சோதிப்பதற்காகக் கமராவையும் திரையையும் நேரே பற்றரியில் கொடுத்திருந்தேன். அவர் போய்க் கரவனுக்கும் கடைச் சுவருக்கும் நடுவில் நின்றார். நான் ஏணியில் ஏறிக் கமராவைப் பிடித்தேன்.

"காணேல்லை," என்றார் அக்கா முன்னாலிருந்து. நான் கொஞ்சம் கீழே சரித்தேன்.

"தலை தெரியுது." இன்னும் சரித்தேன்.

"வயிறு தெரியுது. இன்னும் பதிக்கோணும்."

"இதுக்குமேலை சரிச்சால் பின்னாலை தூரத்தைக் காணேலாது அக்கா."

"தூரம் எனக்கு வேண்டாம் தம்பி."

இன்னும் சரித்தேன். "இப்ப செருப்புத் தெரியுது. போதும்," என்றார்.

திருகாணியை இறுக்கிவிட்டு ஏணியால் இறங்கினேன். பரம் அண்ணை அசையாமல் நின்றார். கரவனின் வெள்ளைத் தகரம் அவர் மூக்குக்கு முன்னால். முதுகுக்குப் பின்னால் சுவர். உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துத் தள்ளுவது போல வைத்திருந்தார்.

"தம்பி, இவ்வளவு கிட்டவோ நிண்டவள்?"

"ஓம் அண்ணை."

அவர் கண் கலங்கியிருந்தது. சேட் கையால் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். மனைவியின் கதவுப் பக்கம் நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் ஆண்கள் வாயில் எடுக்கமாட்டார்கள், அவரும் எடுக்கவில்லை.

"இனி றைற் எண்ட சொல்லு வேண்டாம்," என்றார்.

"பின்னை என்ன சொல்லுறது?"

"'வா', 'நில்'. ரெண்டு சொல்லுக் காணும்."

யோகம் அக்கா கொஞ்சம் யோசித்தார். "'வா' வேண்டாம். 'நில்' மட்டும் சொல்லுறன்."

இளம் பிள்ளைகளே, இதைக் கமரா பூட்டுகிற உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோணம், வயர், அலைவரிசை எல்லாம் பெட்டியில் எழுதியிருக்கும், வாசித்துப் பழகலாம். பெட்டியில் எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றிலிருந்து கமரா கேட்டு வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது, வாகனத்துக்குப் பின்னால் நிற்கப் போவது யார் என்றுதான். நிற்கப் போகிறவர் கடைக்குள் இருந்தால் அவரிடமே கேட்பேன். ஸ்டியரிங் பிடிக்கிறவர் குறுக்கே பதில் சொன்னால், "அண்ணை, உங்களிட்டைப் பேந்து கேக்கிறன்," என்று சொல்வேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அன்று அவர்கள் புறப்படும்போது முற்றத்திலிருந்து கரவனைப் பின்னுக்கு எடுத்துத்தான் தெருவுக்கு விட வேண்டும். ரெஜான் வழமை போலத் திறப்புக்குக் கை நீட்டினார். பரம் அண்ணை கொடுக்கவில்லை. அவர் ஏறி இருந்துகொண்டு, எஞ்ஜினைப் போட்டு, கியரை மாற்றாமல் காத்திருந்தார்.

பிறகு மற்றப் பக்கக் கதவு திறந்தது. யோகம் அக்கா இறங்கினார். கைப்பையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, கரவனின் முழு நீளத்துக்கும் நடந்து, பின்னால் போய், நான் சோக்கட்டியால் கீறிக் காட்டிய இடத்தில் நின்றார். கரவன் மெல்லப் பின்னுக்கு வந்தது.

பாதி தூரம்கூட வரவில்லை. "நில்," என்றார்.

கரவன் நின்றது.

ரெஜான் என் தோளைத் தட்டி, "இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது, ஏன் நிறுத்தினார்கள்?" என்று கேட்டார்.

"சொன்னால் அவர் நிற்கிறாரா என்று அக்கா பார்க்கிறார்," என்றேன்.